ஸ்பேனருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எல்லாரும் அவரவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கயல்விழி மட்டும் வண்டிக்கு அடியில் கிடந்தாள். நைட்டிக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, முதுகுக்குக் கீழே ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். அவளுடைய நாத்தனார் மகனுக்குக் காது குத்தியபோது அடித்த பேனர் அது. நாத்தனார் புருஷன் கலியமூர்த்தி அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்பார். கயல்விழி சரியாக அவர் மீசைமேல்தான் படுத்திருந்தாள். வேண்டுமென்று அப்படி விரிக்கவில்லை என்று அவள் சொல்வாள். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

அசல் கலியமூர்த்தியோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. ஆலை ஜீப்பை எப்போதோ ஓட்டியிருக்கிறார் என்பதால் மோட்டார் என்றால் அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

"தங்கச்சி, வேணாம்மா. எதையாவது கழட்டிட்டு அப்புறம் மாட்டத் தெரியாம முழிக்கப் போற."

"கழட்டுறதுதாங்கண்ணா கஷ்டம்னு வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கு. மாட்டுறது ஈஸியாம்," என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"புத்தகத்த பாத்து ஆயில் மாத்துறாளாம்! மச்சான், கேட்டியா கதைய?"

மச்சான் என்றது கயல்விழியின் புருஷன் ராஜ்கமலை. அவன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். சைக்கிள் செயின் கழன்றாலே ஆள் தேடுகிற ரகம். அக்கா புருஷனுக்கு எதிராக வாயைத் திறந்ததே கிடையாது. அன்றைக்கும் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனான்.

இந்தக் கூத்து ஏன் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை மாருதி எண்ணூறு, கயல்விழி தன் சம்பளத்தில் வாங்கிய பழைய வண்டி. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் அவள். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, அதில் என்ன கூட இருக்கிறது, என்ன குறைச்சல் என்று சொல்கிற வேலை. போன மாதம் அவளை லேபுக்கே இன்சார்ஜ் ஆக்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனை, காலை ஆறு மணிக்கு அவள் கையால் லேப் திறக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி மறுபடி நடந்து, அந்த நேரத்துக்கு ஒருநாளும் போய்ச் சேர முடியவில்லை. கார் இருந்தால் அந்தப் பதவி உண்டு, கார் போனால் பதவியும் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

கார் போகிற நிலைமையும் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றச் சொல்லி வண்டியை விட்டாள். மாற்றியாச்சு என்று சாவியைக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே மாமியார் தங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஆலப்பாக்கத்துக்கிட்ட கருகின வாசனை அடித்து வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயிலில் தங்கம்மாள் ரோட்டோரம் நின்றாள். அந்த வழியாக வந்த ஒரு வேன் டிரைவர் ஆயில் பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். ஆயிலா அது? தார். கயல்விழி அதை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள். நரநரவென்று இருந்தது. மாற்றவே இல்லை, படுபாவிகள். ரத்தத்தைப் பார்த்தே நாலு நோய் சொல்கிறவள் இந்தக் கறுப்பைப் பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்கு அவமானமாகப் போயிற்று. இனி எவன் கையிலும் கொடுப்பதில்லை, நானே மாற்றுவேன் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

ஆனால் தங்கம்மாளுக்கு அந்த வெயில் மறக்கவில்லை. "பொட்டப்புள்ள எப்படி அத வச்சுக் காபந்து பண்ணும்? மாப்ளையே எடுத்துட்டுப் போவட்டும்," என்று ஆரம்பித்தாள். கலியமூர்த்தி அதற்காகவே பூஜைக்கு வெல்லமும் கரும்புமாக வந்து இறங்கிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவரே பஞ்சாயத்தும் சொன்னார். விஜயதசமிக்கு எல்லாருமாகச் சிதம்பரம் தில்லைக் காளி கோயிலுக்குப் போகிறோம். வழியில் நிற்காமல் ஓடினால் வண்டி கயல்விழிக்கே. நின்றால் அவருக்கு.

"சரிங்கண்ணா," என்றாள் கயல்விழி.

சொல்லிவிட்டாள். இப்போது காருக்கு அடியில் கிடக்கிறாள். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி அணைத்திருந்தாள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைத்தாயிற்று. பதினேழாம் நம்பர் ஸ்பேனரை, ஆயில் தொட்டியின் அடி ஓட்டையை மூடியிருந்த போல்ட்டில் மாட்டினாள். மாட்டினாளே தவிர, மல்லாந்து படுத்ததும் இடம் வலம் எல்லாம் குழம்பிவிட்டது. எந்தப் பக்கம் திருகினால் கழலும்? தப்பாக இறுக்கினால் மரை போய்விடும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

யோசித்தவள், காதில் கைவைத்தாள். தோட்டுத் திருகை மெல்லக் கழற்றிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக கண்ணாடி பார்க்காமல், பின்பக்கமாகவே கழற்றுகிற திருகு! விரலுக்குத் தெரியாதா? அதே பக்கமாக ஸ்பேனரை அழுத்தினாள். 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

"அத்தே! கழண்டுடுச்சு!"

"மெதுவா கத்துடி, தெருவே பாக்குது," என்றாள் தங்கம்மாள். ஆனால் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

கறுப்பு ஆயில் கீழே வைத்திருந்த பேசினில் கொட்டியது. கொஞ்சம் அவள் முழங்கை வழியாக இறங்கி, பேனரில் இருந்த கலியமூர்த்தியின் கூலிங்கிளாஸுக்கு மேலும் கறுப்பு பூசியது. ஆயிலை வடிகட்டுகிற பழைய ஃபில்டர்தான் அசைய மாட்டேன் என்றது. அதற்குத் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அதுவும் வந்தது. ஆயில் கடைசிச் சொட்டு வரை வடியட்டும் என்று விட்டுவிட்டு, போல்ட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஸ்பேனர், புது ஃபில்டர், புது ஆயில் கேன் எல்லாவற்றையும் வாசப்படியில் வரிசையாக வைத்தாள். குளித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்ளலாம், பூஜை நாளில் அழுக்கோடு எத்தனை நேரம் நிற்பது என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்பு பண்ணினாள். பூஜை நாள் என்று தெரிந்தவளுக்கு அது என்ன பூஜை என்பது மறந்துபோயிற்று.

தலை துவட்டிக்கொண்டு வந்தால் வாசப்படி காலி. பதறி உள்ளே ஓடினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலை. இலையில் அரிவாள்மணை, சுத்தியல், ராஜ்கமலின் சைக்கிள் பம்ப், கயல்விழியின் லேப் புத்தகங்கள். நடுநாயகமாகப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. பக்கத்தில் ஆயில் கேனுக்குச் சாமந்திப்பூ. ஃபில்டருக்கு விபூதிப்பட்டை. கிண்ணத்துக்குள் கிடந்த அந்த போல்ட்டைக்கூட விடவில்லை, அதற்கும் கடுகளவு குங்குமம். மேலே கற்பூரம் காட்டிய புகை இன்னும் அடங்கவில்லை.

"அத்தே... இத எடுத்துக்கறேனே?"

"யம்மா தாயே! படைச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை ஆவாம ஆயுதத்துல கை வைக்கக் கூடாது. இத்தினி வயசாச்சு, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடம் படிக்கும்போது இந்த ஒருநாள் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று குதித்த ஆட்டமெல்லாம் ஞாபகம் வந்தது. எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை, அடியில் ஓட்டை திறந்து கிடக்கிறது, மூடுகிற போல்ட்டு சாமியிடம் இருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கம்மாளிடம் சண்டை போடவும் மனசு வரவில்லை. ஒரு ஸ்பேனரை அத்தனை மரியாதையாகத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள் அந்த மனுஷி. கயல்விழி போய் ஓட்டையில் தூசி போகாமல் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு வந்தாள்.

கலியமூர்த்திக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்து சிரித்து வயிறு வலித்துவிட்டது. "நான்தான் சொன்னேனே! மாட்டத் தெரியாம முழிக்கப் போறன்னு சொன்னேன். மாட்ட வுடாமலே சாமி புடிச்சு வச்சிருக்கு!"

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. மாலை போட்டு, பானெட்டில் சந்தனம் தெளித்து, டயருக்கு வைத்த கல்லை எடுத்துவிட்டு, நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் பொரி வாங்க வந்தவள் வேடிக்கை பார்க்க நின்றாள். தெருவில் இன்னும் சிலரும் கூடினார்கள். பழத்தின் மேல் வண்டி ஏறி இறங்கினால்தான் பூஜை முடிந்ததாக அர்த்தம். இல்லாவிட்டால் மறுநாள் அந்த வண்டியில் தங்கம்மாள் கால் வைக்க மாட்டாள்.

கயல்விழி கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது கலியமூர்த்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பூஜைத் தட்டில் இருந்த சாவி அவர் கையில்.

"அண்ணா! ஸ்டார்ட் பண்ணாதீங்க! ஆயில் இல்ல!"

"தெரியும்மா. ரெண்டடி தானே? ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கற ஆயிலே போதும். மோட்டார பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?"

சாவி உள்ளே நுழைந்தது. கயல்விழிக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்று பானெட்டில் ரெண்டு கையையும் ஊன்றினாள். அந்த வீட்டு மாப்பிள்ளையை அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. இப்போது பார்த்தாள்.

"ஒடம்புல ரத்தமே இல்லாதவன எழுந்து ரெண்டடி ஓடுன்னு சொல்வீங்களா? எறங்குங்கண்ணா. இது என் வண்டி."

கலியமூர்த்தியின் முகம் சிவந்தது. "மச்சான், ஒம்பொண்டாட்டி பேசுறத கேட்டியா?" என்றார்.

எல்லாரும் ராஜ்கமலைப் பார்த்தார்கள். அவன் நடந்து வந்து கார்க்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேட்டேன் மாமா. எறங்குங்க," என்றான்.

அடடா, அந்த ஒரு வார்த்தைக்குக் கயல்விழி எத்தனை வருஷம் காத்திருந்தாள்! கலியமூர்த்தி இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்து கியரை எடுத்தாள், ஹேண்ட் பிரேக்கை விட்டாள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"பழத்து மேல ஏறணும், அவ்ளோதானே? எஞ்சின் எதுக்கு? தள்ளுங்க!"

ராஜ்கமல் ஒரு பக்கம், ரத்தினம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபக்கம். தெருவில் நின்றவர்களும் கைவைத்தார்கள். கார் லேசாக ஆடியதே தவிர நகரவில்லை. "இருங்கடா, எனக்கும் எடம் வுடுங்க," என்று சொல்லிக்கொண்டு தங்கம்மாள் நடுவில் புகுந்து டிக்கியில் கைவைத்தாள். "ஏலே... ஏலே..." என்று ரத்தினம்மாள் சத்தம் கொடுக்க, வண்டி நகர்ந்தது. 'சப், சப்' என்று பழங்கள் நசுங்கின. தெருவே கைதட்டியது. டிக்கியில் தங்கம்மாளின் கை அப்படியே சந்தனத்தில் பதிந்திருந்தது.

"தள்ளிக்கிட்டே சிதம்பரம் போயிடலாம் போலருக்கே," என்றார் கலியமூர்த்தி. யாரும் சிரிக்கவில்லை.

விஜயதசமி அன்று விடிந்ததும் தங்கம்மாள் மறுபூஜையை முடித்தாள். வழக்கமாக எல்லாரும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவள் ஸ்பேனரை ஒரு வெற்றிலைமேல் வைத்துக் கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாள்.

"இந்தா கயலு, ஒன் ஆயுதம். இன்னிக்கு ஆரம்பிச்சது வெளங்கும். போ, ஜெயிச்சுட்டு வா."

கயல்விழி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தாள். நேற்றைய பயம் இன்று இல்லை. போல்ட்டைத் துடைத்து, முதலில் விரலாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்கினாள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே சுற்றி மாட்டினாள். மேலே வந்து பானெட்டைத் திறந்து ஆயிலை ஊற்றினாள். காலை வெயிலில் அது தேன் மாதிரி இறங்கியது. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். மட்டம் சரியாக இருந்தது.

தங்கம்மாள் பூஜைத் தீர்த்தத்தை பானெட்டில் தெளித்தாள். கயல்விழி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆயில் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தது. அணையணும். அணையலையே! ஐயோ, எங்கேயோ தப்பு பண்ணிட்டோம் என்று நினைத்து கை சாவிக்குப் போகவும் லைட் அணைந்தது.

"ஒழுகுது! ஒழுகுது!" என்று வெளியே கலியமூர்த்தி கத்தினார். "நான் சொல்லல? மஞ்சளா சொட்டுது பாரு!"

கயல்விழி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள். காருக்கு அடியில் தரையில் மஞ்சள் சொட்டு. ராஜ்கமலுக்கு முகம் செத்துவிட்டது. கயல்விழி மண்டியிட்டு அந்தச் சொட்டை விரலில் தொட்டாள். கட்டைவிரலால் தேய்த்தாள். வழவழப்பு இல்லை. மோந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆயில் இல்லண்ணா. அத்தை தெளிச்ச மஞ்சத்தண்ணி."

தங்கம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்பு ஆடியது. கயல்விழி போல்ட்டையும் ஃபில்டரையும் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. ஃபில்டர் குடித்தது போக மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மிச்சம் வைத்த ஆயிலை ஊற்றிச் சரிக்கட்டினாள்.

பிறகு கிளம்பினார்கள். கலியமூர்த்தி முன்சீட்டில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு லைட் இருந்த இடத்தையே முறைத்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கத்தில் போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டும்போது தங்கம்மாள் பின்சீட்டில் வாய்க்குள் காளியைக் கூப்பிட்டது கயல்விழிக்குக் கேட்டது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. புதுச்சத்திரம் போயிற்று, முட்லூர் போயிற்று, வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. கயல்விழிக்கு அந்தப் பாலம் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போகலாம் போலிருந்தது. அடித்தாள். ஒன்றும் குறுக்கே வரவில்லை, சும்மாதான் அடித்தாள்.

தில்லைக் காளியைக் கும்பிட்டு வெளியே வந்ததும் பானெட்டைத் திறந்து கம்பியை உருவிக் கலியமூர்த்தியிடம் நீட்டினாள். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது மெதுவாக ஆரம்பித்தார். "அத்தே, வண்டி நல்லாத்தான் ஓடுது. நான் இல்லங்கல. இருந்தாலும் நான் ஒரு ரெண்டு மாசம் எடுத்துட்டுப் போயி..."

"கயலு, வண்டிய நிறுத்து," என்றாள் தங்கம்மாள்.

கயல்விழி ஓரமாக நிறுத்தினாள்.

"மாப்ள, அதோ விருத்தாசலம் பஸ்ஸு நிக்குது. இப்பவே போனா ஜன்னலோரம் எடம் கெடைக்கும். அங்க எறங்கி பெண்ணாடத்துக்கு மாறிக்கலாம்."

"அத்தே, வண்டி...?"

"வண்டிக்கு நாளைக்கு டூட்டி இருக்கு. எம்மருமவ ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி தொறக்கணும்."

கயல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. ராஜ்கமல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தான். கலியமூர்த்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆள் மோசமில்லை, வாய்தான் ஜாஸ்தி. பையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஜன்னலில் குனிந்தார்.

"சரி தங்கச்சி, ஜெயிச்சுட்ட. ஒன்னு கேக்கறேன். என் படம் போட்ட பேனர நாறடிச்சு வச்சிருக்கியே, அத என்ன பண்ணப் போற? தூக்கிப் போட்டுடாத."

"ஐயோ, போடுவனாண்ணா? கழுவி மடிச்சு வச்சுட்டேன்," என்றாள் கயல்விழி. "அடுத்த தடவ ஆயில் மாத்தும்போது வேணுமே!"

அவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து நடந்தார். தங்கம்மாள் பின்கதவைத் திறந்து இறங்கி, முன்சீட்டில் வந்து சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ம், எடு. கடலூர் வரைக்கும் நானே முன்னாடி ஒக்காந்து பாத்துக்கறேன், அந்த செவப்பு லைட்ட."

மறுநாள் ஆறு மணிக்கு முன்னாலேயே லேப் திறந்திருந்தது.